கசிகிறதா என்று முதலில் கேட்டவள்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஒருவேளை அக்கா' என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான். லிஃப்டில் கால் வைக்குமுன், ஒருவேளை நடுவில் நின்றுவிட்டால்? யாராவது மிட்டாய் நீட்டினால், ஒருவேளை பல் உடைந்துவிட்டால்? கெட்டதையெல்லாம் முதலில் கேட்டுத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது நல்லதுதானே என்பது அவள் கணக்கு. கணவரை முதன்முதலில் சந்தித்த அன்று அவள் கேட்டதே, "உங்களுக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி உண்டா?" என்றுதான். மனிதர் மிரண்டுபோய் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

அவள் எழுதும் புரோகிராமும் அப்படித்தான். ஒரு பார்சல் கிடங்கின் பெல்ட்டில் வரும் பெட்டிகள் எந்தக் கூடையில் விழ வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். பெட்டி கசிகிறதா? இல்லாவிட்டால், கண்ணாடிச் சாமானா? இல்லாவிட்டால், மருந்தா? இப்படி 'இஃப்', 'எல்ஸ் இஃப்' என்று ரயில் மாதிரி நீண்டுகொண்டே போய், கடைசிப் பெட்டியில்தான் "சாதாரணப் பார்சலா?" என்ற கேள்வி வரும். கிடங்குக்கு வருவதில் முக்கால்வாசி சாதாரணப் பார்சல்.

கிடங்கு மேற்பார்வையாளர் மேனேஜருக்கு போன் போட்டார். "பெல்ட் ஒவ்வொரு பெட்டிக்கும் நின்னு நின்னு யோசிக்குது சார். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை தோத்தான்."

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை சோதனை ஓட்டம். அதுக்குள்ள வேகம் வரலன்னா சுருக்கு எழுதினதைப் போட்டுடுவோம்மா. அப்புறம் அதைப் பராமரிக்கிறது உன் பொறுப்பு."

சுருக்கு என்பது பக்கத்து மேஜைக்காரனின் பட்டப்பெயர். எத்தனை நிபந்தனை இருந்தாலும் கேள்விக்குறி போட்டு ஒரே வரியில் திணித்துவிடுவான். அந்த வரி திரையைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

"லேபிள் கிழிஞ்சிருந்தா பெட்டி எங்கே போகும்?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார்.

அவன் வரியோடு கூடவே தலையை நகர்த்திக்கொண்டு போனான். வரி முடியும் இடம் வந்ததும், "போகும் சார்" என்றான்.

"எங்கேப்பா?"

"போயிடும் சார்."

இதைக் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழுவதா? அவள் தன் ரயிலைக் கழற்றி 'ஸ்விட்ச்'சாக மாற்ற உட்கார்ந்தாள். ஸ்விட்ச் என்றால், லேபிளில் உள்ள குறியீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு அதற்குரிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம். வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டாம். படிக்கவும் பளிச்சென்று இருந்தது. ஆனால் எந்தப் பெட்டியும் 'நான் கசிகிறேன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு வராதே. அதனால் கசிவைக் கேட்கும் அந்த ஒரு இஃப்பை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே விட்டுவைத்தாள். ஓட்டிப் பார்த்தாள். பெல்ட்டு மாப்பிள்ளை அப்படியேதான் நின்று நின்று யோசித்தார்.

அன்று மாலை கணவர் வந்ததும் வாசலில் வழக்கமான விசாரணை நடந்தது.

"வழியில எங்கேயும் அடிபடலையே?"

"இல்ல."

"வேலை போயிடலையே?"

"இல்ல."

"சாவி தொலைஞ்சுதா?"

கையிலிருந்த சாவியை அவர் ஆட்டிக் காட்டினார். "அம்மா தாயே, பசிக்குதான்னு எப்போ கேட்பே?"

"அது கடைசில வரும்."

"பசி தினம் வருது. அடி ஒரு நாளும் படல."

"ஒருவேளை பட்டிருந்தா?"

"பட்டிருந்தா கட்டோட வந்து நிப்பேன். கேட்டாத்தான் தெரியுமா?"

அவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

பெட்டி கசிகிறதா என்று பார்த்துச் சொல்லும் சென்சார் ஆற அமரத்தான் பதில் சொல்லும். நேரத்தைத் தின்றது இஃப்பும் இல்லை, ஸ்விட்ச்சும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சோம்பேறியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். கசிந்தால் கேட்காமலே தெரிந்துவிடும்; ஈரம் பட்டால் பெல்ட்டைத் தானே நிறுத்தும் கம்பி ஒன்று அதன் அடியில் இருக்கிறது. அதை அவள் நம்பியதே இல்லை.

மறுநாள் அந்த இஃப்பை மேலிருந்து எடுத்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்து, 'திரவம்' என்று லேபிள் உள்ள பார்சலுக்கு மட்டும் கேட்கும்படி கீழே போட்டாள். எதிலும் சேராதவைக்குக் கடைசியில் ஒரு தனிக் கூடை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

வியாழனன்று முதலில் சுருக்கின் வரி ஓடியது. மேற்பார்வையாளர் வேண்டுமென்றே தன் தொப்பியைக் கழற்றி பெல்ட்டில் போட்டார். அது விறுவிறுவென்று போய் வெளியூர் லாரியில் ஏறிவிட்டது. ஆட்கள் ஓடிப்போய் மீட்டு வந்தார்கள்.

"போயிடும்னு அன்னைக்கே சொன்னேனே" என்றான் சுருக்கு.

அவளுடைய முறை வந்தது. பெட்டிகள் நிற்காமல் ஓடின. தொப்பி தனிக் கூடையில் அடக்கமாக விழுந்தது. அடுத்து மேற்பார்வையாளர் சாதாரண லேபிள் ஒட்டிய பெட்டிக்குள் மூடியில்லாத தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அனுப்பினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பி நனைந்தது, பெல்ட் நின்றது.

மேனேஜர் திரையை மேலிருந்து கீழே படித்தார். "எனக்கே புரியுதேம்மா. இதையே வச்சுக்கலாம்."

மாலை கதவைத் திறந்தவள், கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "பசிக்குதா?"

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார். "என்ன ஆச்சு? வேலை போயிடுச்சா?"

"இல்ல."

"எங்கேயாவது அடிபட்டுதா?"

"இல்லங்க."

"சாவி?"

உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.