நூத்தியாறு

பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆண்பிள்ளைகளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் எதிர்வீட்டு ராமப்பன் அண்ணன் அதில் தனி ரகம். "இந்தா" என்பார். அதற்கும் சோம்பல் வந்தால் தொண்டையைக் கனைப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், முனிலட்சுமி என்று எவ்வளவு அழகான பெயர்! கல்லாவியிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததிலிருந்து அதை அவர் வாயால் அக்கா கேட்டதே இல்லை. நான் இதைச் சொல்லிக் கேலி செய்தால், அவருக்கு வரவில்லை, அதற்கு என்ன செய்வது என்று அக்கா சிரித்துவிடுவார்.

அண்ணன் சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். அங்கே மெஷின்களுக்கெல்லாம் நம்பர்தான் பெயர். வீட்டிலும் அதே பழக்கம். ஷிப்ட் முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், டிவியில் என்ன வைக்க வேண்டுமோ அதன் நம்பரைச் சொல்வார். அக்கா ரிமோட்டை அமுக்குவார். சேனல் பெயர் எதுவும் அண்ணனுக்குத் தெரியாது. அக்கா பார்க்கும் சீரியல் சேனல் நூத்தியாறு. "உன் நூத்தியாறு ஆரம்பிச்சிருக்கும், போ" என்று கிண்டல் செய்வார். அவர்கள் கொஞ்சிக்கொண்டது என்றால் அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடமே ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் வெறும் சத்தம்தான் வந்தது. அக்கா அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் இருந்தவருக்கு, "நூத்தியாறு" என்று தெளிவாகக் காதில் விழுந்தது. பதறி ஓடிவந்து சீரியல் சேனலை வைத்தார். அண்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அக்கா திரும்ப உள்ளே போனதும் மறுபடியும் அதே நூத்தியாறு. வந்து எதிரில் நின்றபோது அண்ணன் அவரைப் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்தார். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. அவர் டிவியைக் கேட்கவில்லை. அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அத்தனை வருடம் வைக்காத பெயரை அந்த மனிதர் அப்போது வைத்தார். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குப் புதுப்பெண் மாதிரி வெட்கம்.

அதன்பின் ஒவ்வொரு நம்பராக வந்தது. பழைய பாட்டு சேனலின் நம்பரைச் சொன்னால் வயிறு நிறைந்தது, மனசு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பக்திச் சேனலின் நம்பர் வந்தால் குளிக்க வேண்டும். எழுநூறு என்பது கன்னட நியூஸ் சேனல். பெங்களூரில் பெரிய மழை என்றால், அங்கே வேலை பார்க்கும் மகன் பிரதாப் மாட்டிக்கொண்டானோ என்று அதைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் எழுநூறு என்றால் பிரதாப். ரிமோட்டை இடது கையில் வைத்துக்கொண்டு நம்பரை அமுக்கி, திரையில் அது தெரிவதைப் பார்த்து, வாயால் சொல்லிப் பார்ப்பார். தெருவில் எல்லோரும் மனுஷனுக்கு டிவி பைத்தியம் என்றார்கள். வாய்க்கென்ன, எதையாவது சொல்லும்.

பிரதாப் நல்ல பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுக் கொடுத்தவன், கேபிளுக்கு வேறு தனியாக எதற்குக் கட்ட வேண்டும் என்று டிவியின் பின்னால் சொருகும் ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்தான். அதில் எல்லாம் படம் படமாக வரும், செலவும் குறைவு. அதன் ரிமோட்டில் நம்பர் என்பதே கிடையாது. கேபிள்காரர் மாதப்பனைக் கூப்பிட்டு பழைய பாக்ஸையும் ரிமோட்டையும் ஒப்படைத்துவிட்டான்.

அவன் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கட்டிலில் இருந்து, "எழுநூறு, எழுநூறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அந்த நம்பரெல்லாம் இனிமே கெடையாதுப்பா" என்றான் பிரதாப், திரும்பாமலே.

அக்கா பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையிடம், உன் அப்பா எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் வாயை அடைத்துவிட்டது. நம்பர்தான் அவர் நாக்கில் இருக்கிறதே, பெட்டி போனால் என்ன என்றும் நினைத்திருக்கிறார்.

ஆனால் போய்விட்டது. நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கைக்கு அமுக்க நம்பர் இல்லை, கண்ணுக்குப் பார்க்க நம்பர் இல்லை. முதலில் பாட்டு நம்பர் மறந்தது. பிறகு எழுநூறு. கடைசியில் "நூத்தி… நூத்தி…" என்று இழுத்துக்கொண்டே அக்காவைப் பார்த்து அழுவார். அப்புறம் அதுவும் நின்றுபோனது. தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை.

பிரதாப்பிடம் இதைச் சொல்லவே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில், உங்கள் வெட்கத்தைத் தூக்கி உடைப்பில் போடுங்கள் என்று அக்காவைத் திட்டினேன். என் முன்னால்தான் பிரதாப்புக்குப் போன் போட்டார். எழுநூறு என்று அவர் கூப்பிட்டது உன்னைத்தான் என்று சொன்னார். மறுநாளே பிரதாப் லீவு போட்டுவிட்டு வந்து, மாதப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கேபிளைத் திரும்ப இழுக்க வைத்தான்.

பாக்ஸ் வந்தது, நம்பர் உள்ள ரிமோட்டும் வந்தது. அக்கா நூத்தியாறை அமுக்கினார். திரையில் ஒருத்தி மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தாள்.

"நம்பரெல்லாம் மாத்திப் போட்டுட்டாங்கக்கா, நம்ம கையில இல்ல" என்றார் மாதப்பன்.

பிரதாப் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அக்கா டிவியை நிறுத்தினார். ரிமோட்டை அண்ணனின் இடது கையில் வைத்துவிட்டு, டிவிக்கு முன்னால், அவர் பார்வையில் படும்படி போய் நின்றார்.

"நூத்தியாறு வந்திருக்கேங்க. இங்க பாருங்க" என்றார்.

எங்கள் எல்லோர் முன்னாலும், பெற்ற பிள்ளை முன்னாலும், அந்தப் பெயரைத் தன் வாயாலேயே சொன்னார்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு ரிமோட்டை மெதுவாகத் தூக்கி, அக்காவை நோக்கி நீட்டி, அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். அவர் கை சோர்ந்து இறங்கும் வரை அக்கா நகரவே இல்லை.