போர் போடச் சொன்னோம்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் சுற்றுச்சூழல் தினப் போட்டிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா வகுப்பும் சுவரொட்டியை ஏ.ஐ.யில்தான் செய்ய வேண்டுமாம். கையால் வரைந்தால் சேர்க்க மாட்டார்களாம். தலைப்பு என்னவென்றால், தண்ணீர் சிக்கனம். அந்த ஏ.ஐ.யை ஓட்டும் கணினிகளைக் குளிரவைக்கவே எங்கேயோ தண்ணீர் செலவாகிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். காலத்துக்கு ஏற்றபடி மாறச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் பிள்ளைகளைக் கணினி அறைக்குக் கூட்டிப்போனேன். 'எங்கள் ஊரில் போர் வறண்டுவிட்டது, படம் போடு' என்று தட்டினார்கள். யானை, குதிரை, வாளோடு இரண்டு படைகள் மோதிக்கொண்டு வந்து நின்றன. எங்கள் பக்கம் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. பாதி ஊர் அதைத் துளைக்கும் ரிக் வண்டியில்தான் பிழைக்கிறது. பாவம், ஏ.ஐ.க்கு என்ன தெரியும்? வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். மாற்றித் தட்டினால் பீரங்கி வந்தது. பிறகு வேடிக்கைக்காகவே ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போது ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அவள் அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். இந்த ஒவ்வொரு படத்துக்கும் தண்ணீர் போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன். அவள் கணினியை அணைத்துவிட்டு சார்ட் அட்டையை விரித்தாள். போட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் மற்றவர்கள் பென்சிலோடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

போட்டியன்று எங்கள் சார்ட்டை வாசலிலேயே ஓரங்கட்டினார்கள். பார்வையிட வந்த தாளாளர் ஒரு காலத்தில் ரிக் வண்டி ஓட்டியவர். ஏன் விதியை மீறினாய் என்று சார்ட் பக்கத்தில் நின்ற அந்த மாணவியைத்தான் நேராகக் கேட்டார். அவள் படை வந்த கதையைச் சொல்லிவிட்டு, குரல் நடுங்காமல் முடித்தாள்.

"எத்தன அடி போனாலும் வெறும் புழுதியா வந்தா எங்கப்பா வண்டிய நிறுத்திருவாருங்க சார். நாங்களும் நிறுத்திட்டமுங்க."

தாளாளர் சார்ட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் மற்றவற்றோடு மாட்டினார். இனி ஏ.ஐ. கட்டாயமில்லை, தேவைப்பட்டால் மட்டும் போதும் என்று அங்கேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் முதல் பரிசு வாங்கிய வகுப்பைவிட நாங்கள்தான் அதிகம் கத்தினோம். அதிலும் அதிகம் கத்தியது நான்.