அம்மை போட்டிருப்பதாகச் சொன்ன மத்தியானம்

கல்யாணமாகி நான் அரபு நாட்டில் ஃபஹாஹீலுக்குப் போனபோது என் கணவர் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் கணக்கர். எண்ணெய் வயல்களில் குழாய் பதிக்கும் கம்பெனி அது. எழுபதுகளின் நடுவில் அந்த வேலை முடிந்தது. கூட இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பின. நாங்கள் கிளம்பவில்லை. ஒரு அரபி வியாபாரியிடம் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்திருக்கிறது, விசா மாற்றியாகிவிட்டது என்றார் இவர். எங்கள் இருவருடையதும் குழந்தையுடையதுமாக மூன்று பாஸ்போர்ட்டும் விசா தந்த அந்தப் புது முதலாளியிடம், அதாவது கஃபீலிடம், போய்ச் சேர்ந்தன.

ஸ்டோர்கீப்பர் கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையில் போவதும், சில நாள் ட்யூட்டியே இல்லாமல் வீட்டில் படுத்திருப்பதும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்து ஃபிளாட் டீச்சரம்மாதான் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் போக்கர் சீட்டுல பெரிய புலியாமே? கஃபீலுக்காக ஆடறாராமே? எங்க வீட்டுக்காரர் சொன்னார்."

அன்றைக்கு இவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. முதலாளியின் பெரிய பங்களாவில் ஆட்டம். கப்பல்காரர்கள், கான்ட்ராக்டர்கள், வெள்ளைக்கார எஞ்சினியர்கள் வருவார்கள். முதலாளியின் பணத்தில் இவர் ஆடுவார். ஜெயித்தால் இவருக்கு ஒரு பங்கு.

"தோத்தா?" என்றேன்.

"தோக்காம இருக்கத்தான் என்னை வெச்சிருக்கார்."

"போலீஸ் வந்தா?"

"முதலாளி பாத்துப்பார்."

"முதலாளியே கைவிட்டா?"

அவர் பேச்சை ஆட்டத்துக்குத் திருப்பினார். மூணு சீட்டும் ரம்மியும்தான் நான் கேள்விப்பட்டவை. போக்கரில் கையில் ஐந்து சீட்டு இருக்கும் என்றும், எதிரில் இருப்பவன் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றும் சொன்னார். தன் முகத்தை யாரும் படிக்காமலிருக்க அவர் பழகியிருந்தார். கண் இமை மெதுவாகிவிடும். வாய் ஓரம் அசையாது. சாப்பிடும்போதுகூடச் சில நாள் அந்த முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாம்பாரில் உப்பு அதிகமா குறைவா என்றுகூட அந்த முகத்தில் தெரியாது.

அதன்பின் காலிங் பெல் அடித்தால் உடனே திறக்க மாட்டேன். கீழே ஜீப் நின்றால் ஜன்னல் திரையை விலக்காமல் ஓரமாக நின்று பார்ப்பேன்.

ஒரு கோடை மத்தியானம் பெல் அடித்தது. இவர் வெளியே போயிருந்தார். எங்கள் நான்கு வயதுப் பெண் படுக்கையறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். வந்தவர் முதலாளியின் மேனேஜர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். விபூதிப் பட்டை, மெதுவான பேச்சு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் காப்பி கெடைக்குமா? வெயில் கொளுத்துது."

கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"நேத்து ஆட்டத்துல சீட்டுக்குப் பின்னாடி கீறி அடையாளம் வெச்சிருக்காங்க. பணம் விட்டவரு ரொம்பப் பெரிய எடம். ஆட்டத்துல இருந்த எல்லார் வீட்டையும் பாத்துக்கிட்டு வரச் சொல்லிட்டாரு முதலாளி. வீட்ல சீட்டுக்கட்டு எதுவும் இருக்கா?"

"இல்லண்ணே."

"உள்ள ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். நானாக் கேக்கல தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க."

ஒருக்களித்திருந்த கதவுக்குப் பின்னால் கட்டில் முழுக்கச் சீட்டு. ஆட்டத்தில் பழசாகிப் போனவற்றை இவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். குழந்தை அதில் வீடு கட்டுவாள். பங்களாவில் ஆடும் அதே நீல முதுகுச் சீட்டுகள். அதில் கீறல் இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. இவர் அப்படிச் செய்யக்கூடியவரா என்பதும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் எழுந்தார். நானும் எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"உள்ள வராதீங்கண்ணே. பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு."

எங்கிருந்து அது வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் சட்டென்று நின்றார்.

"எப்போலேருந்து?"

"முந்தாநாள்."

"வாசல்ல வேப்பிலை காணமே?"

"இந்த ஊர்ல வேப்பிலைக்கு எங்கண்ணே போவேன்?"

அவர் மூக்கை லேசாக உறிஞ்சினார். "தாளிச்ச வாசனை வருதே."

சற்று முன்தான் நான் குழம்பு தாளித்திருந்தேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரியும்.

"பக்கத்து வீட்லேருந்து வருது," என்றேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குழந்தை கத்தினாள். "அம்மா, எல்லாம் விழுந்துடுச்சு!"

"காய்ச்சல்ல ஒளர்றா," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்தேன். பிறகு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாரியாத்தா பாத்துப்பா. தலைக்குத் தண்ணி ஊத்தினதும் சொல்லுங்க." வாசலில் செருப்பை மாட்டியபடியே, "பாஸ்போர்ட்டெல்லாம் முதலாளிகிட்டதான் இருக்கு. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க," என்றார்.

கதவைத் தாழிட்டேன். உள்ளே ஓடிச் சீட்டுகளை அள்ளினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். குழந்தை மிதித்து மடித்ததில் எல்லாவற்றிலும் கீறல் இருந்தது. அவள் அழ அழக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் கக்கூஸில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன்.

இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க பண்ணினீங்களா?"

"இல்ல," என்றார்.

அந்த முகம்தான். சீட்டாட்ட மேஜைக்கு உரிய முகம். அதில் உண்மையும் தெரியவில்லை, பொய்யும் தெரியவில்லை. மேனேஜர் வந்தபோது இருந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் முதலாளி வீட்டுக்குக் கிளம்பிப் போனார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்தார். ஒரு கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள், மோதிரக் கல்லால் கீறியிருக்கிறான். மோதிரத்தை வைத்துப் பார்த்ததில் பொருந்திவிட்டதாம்.

"அவனை என்ன பண்ணினாங்க?"

"அதைக் கேக்காத," என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தபோது டம்ளர் பல்லில் இடித்துச் சத்தம் வந்தது. முகத்தைக் கட்டியவருக்குக் கையைக் கட்ட முடியவில்லை.

அதோடு ஒரு பயம் தீர்ந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. அம்மன் பெயரில் பொய் சொல்லிவிட்டேனே. குளிப்பாட்டும்போதெல்லாம் பெண்ணின் முதுகையும் கழுத்தையும் தடவிப் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்பைக் கண்டால்கூட அழுவேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலாளி பாஸ்போர்ட்டை லேசில் தரவில்லை. ஒருவழியாக லீவு என்று சொல்லித் திருச்சிக்கு வந்தோம். வந்த வாரமே மாரியம்மன் கோயிலில் மாவிளக்குப் போட்டேன். இவர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

லீவு முடிந்ததும் அவர் மட்டும் திரும்பிப் போனார். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெல் சத்தத்துக்குப் பயந்தவள், இங்கே தந்திக்காரன் சைக்கிளுக்குப் பயந்தேன்.

அடுத்த ஆண்டு ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல் பெட்டியோடு வந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. எதிர்ல இருந்தவன் பாத்துட்டான். முதலாளி அனுப்பிட்டார்."

பெட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார். சம்பளம் குறைவுதான். முதல் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், ரசத்தில் உப்பில்லை என்று முகத்தைச் சுளித்தார். நான் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.