அன்றைய பக்கம்

"என்னா தேதிங்க இன்னிக்கு?" என்று கேட்டுக்கொண்டே நீலாவதி தாள்களைத் தள்ளுகிறார். எச்சில் தொடுவதில்லை, விரலெல்லாம் பீங்கான் மாவு. செராமிக் கம்பெனியில் பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சுரண்டும் வேலை. சங்கு ஊதுமுன் அன்றைய தேதிக்கான பக்கத்தைப் படித்தாக வேண்டும்.

நாளுக்கொரு பக்கமாக அமைந்த பழைய தியானப் புத்தகம். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் நூறு வருடத்துக்கு முன் எழுதியது; மாமியாரிடமிருந்து வந்தது. அட்டை போய்க் காடாத்துணி ஒட்டியிருக்கிறது. "வருசா வருசம் அதே பக்கந்தாங்க. ஆனா போன வருசம் சொன்னத இந்த வருசம் சொல்லாது."

கணவர் தங்கராசு கல் அரைக்கும் மில்லில் இருபது வருடம் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன், 2003 மழைக்காலத்தில், மூச்சுக்குத் திணறிக் கிடந்தவருக்கு நீலாவதி வழக்கம்போல அன்றைய பக்கத்தைப் படித்திருக்கிறார். உன் நோவின் காரணத்தை உன் பாவங்களில் தேடு என்று இருந்ததாம்.

"நான் என்னாடி பாவம் பண்ணேன்?" என்றாராம் தங்கராசு. மறுநாள் போய்விட்டார்.

தூக்கிப் போட்டுவிடத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"மூணு மாசம் தொடலீங்க. அப்புறம் முடியல. வூட்டுல எங்கூட பேச வேற யாரு இருக்காங்க?"

அந்த மில்லில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுகிறார்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்களும் நீலாவதியைக் கூப்பிட்டனுப்புகிறார்கள். போன ஞாயிறு அர்ச்சுனன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். பாயில் எலும்பாய்க் கிடந்தவர், "படிங்கக்கா" என்றார்.

"மகனே, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ இளைத்துப் போனதை நான் பார்த்தேன்," என்று நீலாவதி நிறுத்தி நிறுத்திப் படித்தார். அர்ச்சுனனின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

பக்கத்தில் இருந்த எனக்கு எழுத்துகள் தெரிந்தன. அப்படி ஒரு வரியே அதில் இல்லை. தண்டனையைப் பணிவோடு ஏற்றுக்கொள் என்றுதான் அச்சாகியிருந்தது.

"புக்க இங்கியே வெச்சிட்டுப் போங்கக்கா. சாயங்காலம் பொண்ணு வந்து இதையே இன்னொரு வாட்டி படிச்சிக் காட்டட்டும்," என்று சொல்லிவிட்டு, அர்ச்சுனனின் மனைவி பாஞ்சாலை டீ போட உள்ளே போனார்.

நீலாவதி என்னை ஒருமுறை பார்த்தார். அந்தத் தாளை மெல்லக் கிழித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புத்தகத்தை அர்ச்சுனனின் தலையணையோரம் வைத்தார்.