பச்சைக் காரின் கதவில் நான் அழித்த கோடு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருடங்களுக்கு முன்பு, கற்பிட்டியில் நடந்தது இது. அங்கே ஒரு பாடசாலையில் நான் ஆங்கிலமும் சித்திரமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கன் நான். தங்கியிருந்தது, தென்னந்தோட்டங்கள் வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி வீட்டின் வெளியறையில். அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. எனக்கு ஓட்டக் கற்றுத் தந்ததும் அவர்தான். நான் அங்கே போவதற்கு முந்திய வருடம் அவர்களுடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஒருமுறை முதலாளியும் மனைவியும் கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். புத்தளத்தில் அவர்களை ரயிலேற்றிவிட்டுக் காரை நான்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து ஊரான கண்டக்குழியில் இருந்த சிநேகிதர்களுக்குக் காரைக் காட்ட ஆசை வந்தது. போகும் வழியில், மணல் பாதையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. சட்டென்று திருப்பியதில் இடது பின்கதவு தென்னங்குற்றி ஒன்றில் உரசி நெளிந்துவிட்டது.

உள்ளதைச் சொன்னால் முதலாளி சிரித்துவிட்டு விட்டிருப்பார். எனக்குத்தான் வெட்கம். நெளிவை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பி, மணல் தாளால் தேய்த்தேன். வள்ளங்களுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட் கிடைத்தது. ஆனால் கதவில் பட்டதும் அது கறுத்துத் தெரிந்தது. உப்புக் காற்றிலும் வெயிலிலும் காரின் நிறம் வெளுத்துப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெள்ளை சேர்த்தேன், கொஞ்சம் மஞ்சள், பிறகு துளி விளக்குக் கரி. ஈரத்தில் ஒத்துப்போகிற நிறம் காய்ந்தபின் வேறாகிவிடும். அதனால் தகர மூடிகளில் பூசிக் காயவைத்து, காலை வெயிலிலும் பின்னேர வெயிலிலும் கதவோடு பிடித்துப் பார்த்தேன். சொன்னால் வெட்கம், அந்த வேலை எனக்குப் பிடித்தே போய்விட்டது. கதவில் பழைய கீறல்களும் சில இருந்தன. அவற்றையும் சேர்த்துத் தேய்த்து மூடினேன். எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியாமல் போன பிறகுதான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

அவர்களைக் கூட்டிவரப் புத்தளம் ஸ்டேசனுக்குப் போனேன். முதலாளி காரைச் சுற்றி வந்து முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. மனைவி மட்டும் ஏறாமல் பின்கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏறுங்களேன். வெயிலுக்குள்ள நிண்டு என்னத்தத் தடவுறீங்க?" என்றார் முதலாளி.

"இதில இருந்த கோடு எங்க?"

இடித்ததையும் பெயின்ட் அடித்ததையும் சொன்னேன். முதலாளி இறங்கி வந்து கதவைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். "அடே மாஸ்டர்! இடிச்சதும் நீங்க, மறைச்சதும் நீங்களா? பள்ளிக்கூடத்த விட்டுட்டு கராஜ் ஒண்டு போடுங்க!" பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மகன் ஓதப் போன மொத நாள், வந்து ஆணியால கீறினது மாஸ்டர். அலிப்," என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. "இவர் அடிக்கக் கை ஓங்கினார். புறகு இவரே அத ஒருத்தரையும் தொட விடல்ல."

குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை முதலில் படிக்கிற அரபு எழுத்து அலிப். ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். நான் அதைக் கீறல் என்று நினைத்துத் தேய்த்திருக்கிறேன்.

"தடவினா கைல ஆம்பிடும். இப்ப ஆம்பிடுதில்ல. இடத்தயாவது காட்டுங்க மாஸ்டர்."

குனிந்து பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழேயா, இன்னும் முன்னாலா? எனக்குத் தெரியவில்லை. கதவு முழுக்க ஒரே பச்சை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகையில் காட்டுவதுபோல ஓரிடத்தில் உறுதியாக விரலை வைத்தேன். என் விரலை எடுத்ததும் அவர் தன் விரலை வைத்தார்.

"ஓம், இதுதான்," என்றார். பிறகுதான் காரில் ஏறினார்.

நான் மாற்றலாகிப் போகும்வரை, காரில் ஏறும்போதெல்லாம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினார். நாளடைவில் அங்கே மட்டும் பெயின்ட் தேய்ந்து நிறம் மாறியது. முதலாளி அதற்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லவில்லை. நானும் அடிக்கவில்லை.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. காரை இடித்ததற்கு மன்னிப்புக் கிடைத்தது. குத்துமதிப்பாக விரல் வைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது அந்தத் தாய்க்குச் செய்த இரக்கமா, இரண்டாம் தரமும் அவர் மகனை அழித்ததா என்று இந்த வயதிலும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.