வெறுங்கூடு என்றவருக்கு

குரங்கணி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து என் கணவர் இறந்தார். போடியில் எங்கள் வீட்டில் சவப்பெட்டியை இறக்கியபோது அவர் காலில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைக்கப் போனேன். சபையில் ஊழியம் செய்கிற அவர் அண்ணன் என் கையைத் தள்ளிவிட்டார்.

"விடு ஆத்தா, இது வெறுங்கூடு. ஆவி கர்த்தர்கிட்டப் போயிருச்சு. யப்பா, வெரசா மூடுங்க."

மூடிவிட்டார்கள். நான் சிலமலையில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி இந்த வீட்டுக்கு வந்தவள். வேதத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர் எண்ணம். அதே வேதத்தை வைத்தே அவரை அடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டேன்.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆதித்திருச்சபையின் ஆசிரியர்கள் முதல் சில நூற்றாண்டுகளில் எழுதியவை தமிழில் கிடைத்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். கடவுள் மனித உடம்போடு வந்தது வெறும் தோற்றம் என்று அந்தக் காலத்திலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். இல்லை, அவருக்குப் பசித்தது, களைத்தது, ரத்தம் வந்தது என்று இந்த ஆசிரியர்கள் விடாமல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடவுளே எடுத்துக்கொண்ட உடம்பை இழிவாகப் பேசாதே என்கிறார்கள். யாரோ என் பக்கம் நின்று பேசியது போலிருந்தது. அழுதுவிட்டேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

வருஷ நினைவு ஜெபத்துக்கு உறவு முழுக்கக் கூடியிருந்தது. கணவரின் அண்ணன் மறுபடியும் கூடு, மண்ணு என்று ஆரம்பித்தார். எழுந்து நின்றேன்.

"மச்சான், கர்த்தர் மாம்சத்துல வந்தாரா, வரலையா?"

"இதென்ன கேள்வி? வந்தாரு."

"செத்தபெறகு அந்த உடம்பை என்ன செஞ்சாங்க?"

"எறக்கி, சுகந்தவர்க்கம் போட்டு, துணியில சுத்தி..."

"அதுவும் வெறுங்கூடுதானா? எதுக்கு அத்தனையும் செஞ்சாங்க? எம்புருசனுக்கு மட்டும் ஈரத்துணி ஆகாதோ? ஒடம்ப எளப்பமாப் பேசுனவுகளத்தான் சபை அப்பவே தப்புன்னு ஒதுக்குச்சு. நீங்க அவுக பக்கம் நிக்கிறீங்க."

அவர் முகம் கறுத்தது. "பொம்பளப் பேச்சா இது?" என்று எல்லோரையும் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார்தான் பேசினார்: "எம்புள்ள மூஞ்சிய நானும் சரியாப் பாக்கலையேடா. நீதான மூடச் சொன்ன?"

மச்சான் சாப்பிடாமல் கிளம்பினார். அவர் செருப்பைத் தேடித் தடுமாறியதை ஆசைதீரப் பார்த்தேன். பிறகு மாமியாரும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் இன்னும் அந்தப் பழைய ஆசிரியர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். படிக்கிறேன். அவரை மன்னிக்கத்தான் மனசு வரவில்லை.