ஆடாத காமிரா

டீக்கடை பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சிமுத்து உட்காருவார். ஆடினால் போச்சு. கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லைப் பெஞ்சுக் காலடியில் செருகி, மறுபடி ஆட்டி, அதற்கப்புறம்தான் டீ. அதற்குள் அதில் ஆடை படிந்திருக்கும். "ஆறுன டீயக் குடிச்சுக்கிறலாம்ப்பு. ஆடுற பெஞ்சுல ஒக்கார முடியுமா?" என்பார்.

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிற ஆட்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். அவர்களில் இவர் ஒருவர். தோளில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு காமிரா. அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். வீட்டில் கடிகாரம், கண்ணாடி, சாமி படம் எல்லாவற்றுக்கும் தலைக்கு மூன்று ஆணி. "என்னைய மட்டுந்தேன் இன்னும் ஆணி அடிச்சு மாட்டல" என்பார் மனைவி பழனியம்மாள்.

சும்மா வந்த பயமில்லை. முன்பு இவர் மைக்செட்காரர். ஒரு திருவிழாவில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் காற்றில் அவிழ்ந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலைமாட்டில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் மண்டை போயிருக்கும். "அந்த மனுசன் எந்திரிச்சு, ஏம்ப்பா பாட்ட நிறுத்திட்டன்னு கேக்குறாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

போன தை மாதம் இவரைத் தேடி மோகன்குமார் வந்தார். நூல்மில்காரர் வீட்டுப் பிள்ளை. கூரையில்லாத, இரண்டே சீட்டு வைத்த சிவப்பு ரேஸ் கார் அவருடையது. பக்கத்து ஊரான எரியோட்டில் அவருக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் அம்பிகாவின் அண்ணன் முத்துக்கிருஷ்ணனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. தங்கை கல்யாணத்தை அவர் கேசட்டில்தான் பார்த்தாக வேண்டும்.

"மச்சான் இந்தக் கார்ல எங்கூட ஒக்காந்து வார மாதிரியே இருக்கணும்ணே. திண்டுக்கல்லுலருந்து எரியோடு வரைக்கும் ரோடு பூராம் வரணும். படம் ஆடக் கூடாது."

ஆடக் கூடாது என்பதை யாரிடம் போய்ச் சொன்னார், பாருங்கள்! இரண்டு சீட்டுக்கும் நடுவே இரும்புச் சட்டம் நிறுத்தி, அடியில் போல்ட் போட்டு முடுக்கினார் பேச்சிமுத்து. சைக்கிள் டியூப் துண்டை மெத்தையாக விரித்து, அதன்மேல் காமிராவை வைத்து, இரும்புப் பட்டை போட்டு, அதையும் போல்ட்டால் இறுக்கினார். பிடித்து ஆட்டினால் கார்தான் ஆடியது. காமிரா அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? வேப்பமரம் ஞாபகம் வந்துவிட்டது. சுத்தியலை எடுத்து, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளை ஒன்று விடாமல் அடித்து நசுக்கிவிட்டார்.

மறுநாள் கல்யாணம். காலையில் மாப்பிள்ளையும் பேச்சிமுத்துவும் ஏறிய கார் எரியோட்டுக்குப் பறந்தது. ரோடு பூராம் படத்தில் அழகாக ஏறிக்கொண்டது. பெண்வீட்டுப் பந்தல் வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை மணவறைக்குப் போனார். தாலி கட்டுவதை எடுக்க வேண்டுமே என்று காமிராவைக் கழற்றப் பேச்சிமுத்து நட்டில் ஸ்பானரைப் போட்டார். நட்டு திரும்பவில்லை. முந்தின நாள் அடித்த அடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று.

யாரோ ரம்பம் கொண்டுவந்து அறுத்துப் பார்த்தார்கள். "இத அறுக்கதுக்குள்ள வளைகாப்பே வந்துரும்ப்பு" என்றார் சமையல்காரர். பெண்ணின் அம்மா ராக்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எம் மகன் ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கவா கேசட்டு? தங்கச்சி கழுத்துல தாலி ஏறுறத அவன் பாக்க வேணாமா?" என்று அழுதே விட்டார்.

பேச்சிமுத்து எழுந்தார். நேரே போய்ப் பந்தல் காலை இரண்டு கையாலும் பிடித்தார். ஆட்டிப் பார்க்கத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அதைப் பிடுங்கினார்!

"காமிரா எறங்காதுன்னா என்ன? கார உள்ள தள்ளுங்கப்பு! நாலு பேரு சேந்து மேல் மூங்கிலத் தாங்கிக்கங்க."

நாற்காலிகள் ஒதுங்கின. ஐயர் முறைத்தார். கார் மணவறைக்கு நேர் எதிரே வந்து நின்றது. பேச்சிமுத்து சீட்டில் முழங்கால் போட்டு நின்று, தோள்துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்தார். காமிரா திரும்பாது. அதனால் கல்யாணம்தான் திரும்ப வேண்டியிருந்தது. "அம்பிகா, கொஞ்சம் மாப்பிள்ளப் பக்கம் ஒட்டி ஒக்காருத்தா." கூட்டம் சிரித்தது. அம்பிகாவும் சிரித்துவிட்டாள்.

அட்சதைத் தட்டோடு ஒவ்வொருவரிடமாக வந்த ராக்கம்மாள், காருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். மகன் முகத்தைப் பார்ப்பதுபோல் காமிராவை ஒரு கணம் பார்த்தார். தட்டை அதற்கு நேரே நீட்டி, "நீயும் எடுத்துக்கய்யா" என்றார்.

எத்தனையோ கல்யாணம் எடுத்தும் பேச்சிமுத்து ஒன்றில்கூட அட்சதை போட்டதில்லை. காமிராவைப் பிடிக்கவே இரண்டு கையும் போதாது. இப்போது தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது. காமிராவுக்குப் பின்னாலிருந்து வலது கையை, கேசட்டில் பார்ப்பவரின் கை போலவே தெரியும்படி, லென்சை ஒட்டி முன்னே நீட்டி, கண்ணாடிக்கு மேலாக மணமக்கள் மீது வீசினார். இடது கை காமிராவைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.